எடை குறைஞ்சுட்டே வந்து திடீர்னு நின்னுடுச்சு, என்ன செய்ய?

12 கிலோ குறைச்ச பிறகு ரெண்டு மாசமா முள்ளு அசையலன்னு கேட்டிருக்கீங்க. எனக்கும் இதே கததான், 94ல தொடங்கி 81ல வந்து ஒம்பது வாரம் அப்படியே நின்னுச்சு.

94 கிலோவ தூக்கிட்டு நடந்தப்ப எரிஞ்ச கலோரி 81 கிலோவுக்கு எரியாதுல்ல, அப்போ கொறச்சு தின்ன அதே சாப்பாடு இப்போ உடம்புக்கு கரெக்டான அளவாயிடுது, போதாததுக்கு உடம்பே சிக்கனம் வேற பிடிக்கும். அதனால கணக்க புதுசா போடணும். நான் போட்டப்போ மாட்டுனது தேங்கா!

அம்மை மரச்சீனி, அதான் மரவள்ளிக் கிழங்கு, அவிச்சு சாளை மீன் கறி வப்பாங்க, நான் மரச்சீனிய மட்டும் எட போட்டு தின்னுட்டு பெரிய ஒழுங்கு மாதிரி இருந்தேன். ஒருநாள் அடுக்களையில நின்னு பாத்தா நாலு பேர் கறிக்கு ஒரு முழுத் தேங்கா, பயறு துவரனுக்கு இன்னொரு கைப்பிடி, தாளிக்க தேங்காயெண்ண குப்பியில இருந்து நேரா சட்டிக்கு. ஒரு மேசைக்கரண்டி எண்ணெயே 120 கலோரி கிட்ட வரும். சொன்னதுக்கு "தேங்கா இல்லாம என்னத்த மீன்கறி மக்கா"ன்னு ஒரு மொறப்பு. நம்ம குமரி மாவட்டத்துல அந்த சண்டைய ஜெயிக்க முடியாது, அதனால எண்ணக் குப்பி பக்கத்துல ஒரு சின்ன கரண்டிய தொங்கவிட்டேன், கறியில மீன் துண்ட ரெண்டா எடுத்து சாற கொறச்சுக்கிட்டேன். சானல் கரையில நடக்குறதோட வாரம் மூணு நாள் டம்பெல், தசை கரையாம இருக்க அது வேணும். அடுத்த நாலு மாசத்துல 77.

குறைக்கிறதவிட குறைச்ச எடைய திரும்ப ஏறாம நிப்பாட்டி வைக்கிறதுதான் பாடு. அமெரிக்காவுல 1994லேர்ந்து ஒரு பதிவேடு வச்சிருக்காங்க, குறைஞ்சது 13.6 கிலோ குறைச்சு ஒரு வருஷமாவது அப்படியே வச்சிருக்கவங்களுக்கு, அதுல முக்காவாசி பேரு வாரம் ஒரு தடவையாவது எட பாக்குறவங்க. நானும் அப்படித்தான், 80 தொட்டா அந்த வாரம் சாயாக்கட பழம்பொரி கெடையாது. மூணு வருஷமா ஓடுது.

ஆனா கல்யாண வீட்டுல போளியும் பாயாசமும் விட்டு அடிச்சதுக்கு மறுநாள் எட மெஷின்ல ஏறாதீங்க, ஒன்றர கிலோ கூட காட்டும், பெரும்பாலும் உப்பும் தண்ணியும்தான். ஞாயித்துக்கிழம மார்த்தாண்டத்துல ஒரு கல்யாணம் இருக்கு, நான் புதன்கிழமதான் மெஷின் பக்கம் போவேன்.