பின்சக்கர பிரேக்கும் ஒரு தனிக்கருவியும்

அன்புள்ள ஐயா,

காரின் சின்னச்சின்ன வேலைகளை வீட்டிலேயே செய்துகொள்ளலாம் என்று நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு ஆயில், ஏர் ஃபில்டர், முன்சக்கர பிரேக் பேட் வரை நானே மாற்றிவிட்டேன். பின்சக்கரத்தில் மாட்டிக்கொண்டேன். முன்பக்கம் செய்ததுபோலவே சி கிளாம்ப் வைத்து இறுக்கினால், பேடைத் தள்ளும் பிஸ்டன் உள்ளே போகவே மாட்டேன் என்கிறது. சர்வீஸ் கையேட்டில் தனிக்கருவி தேவை என்று போட்டிருக்கிறது. ஒரே ஒரு வேலைக்கு ஒரு கருவியா? நம்மை ஒர்க்‌ஷாப்புக்கு வரவழைக்கும் தந்திரமாகத்தான் தெரிகிறது. இன்னும் பலமாக இறுக்கலாமா?

ஒரு வாசகர்

அன்புள்ள நண்பருக்கு,

முதலில் கிளாம்பைக் கழற்றிவிடுங்கள். இனி அரைச் சுற்றுகூட இறுக்க வேண்டாம்.

நீங்கள் சொல்வதைப் பார்த்தால் உங்கள் காரில் ஹேண்ட்பிரேக்கும், பிஸ்டனையும் பேடையும் தாங்கும் அதே காலிப்பரில்தான் வேலை செய்கிறது. அந்த வகையில் பிஸ்டனுக்குள் ஒரு மரைத்தண்டு இருக்கும். பேட் தேயத் தேய பிஸ்டன் அந்த மரையில் கொஞ்சம் கொஞ்சமாக வெளியே வரும். மரையில் வந்ததை மரையிலேதான் திருப்பி அனுப்ப வேண்டும். பிஸ்டனின் முகத்தைத் துடைத்துப் பாருங்கள், பள்ளங்கள் தெரியும். தனிக்கருவியின் முளைகள் அங்கே போய் உட்காரும். அழுத்தம் கொடுத்துக்கொண்டே திருப்பினால் பிஸ்டன் மெதுவாக உள்ளே இறங்கும். பெரும்பாலும் வலஞ்சுழியாகத்தான். சில கார்களில் ஒரு பக்கத்துக்கு மட்டும் எதிர்த்திசை, கையேட்டைப் பார்த்துக்கொள்ளுங்கள். சுற்றியுள்ள ரப்பர் உறை முறுக்கிக்கொள்ளக் கூடாது. புது பேடின் முதுகில் சின்ன முளை இருந்தால், பிஸ்டனின் பள்ளம் அதற்கு நேராக வந்து நிற்க வேண்டும். வெறும் பலத்தில் அழுத்தினால் உள்ளே உள்ள மரை கெட்டுப்போகும், அப்புறம் காலிப்பரையே மாற்ற வேண்டியதுதான்.

ஹேண்ட்பிரேக் லீவருக்குப் பதில் பட்டன் இருக்கும் கார் என்றால் கதையே வேறு. அங்கே ஒரு மோட்டார் இருக்கிறது. காரின் கணினியோடு பேசும் ஸ்கேனர் வழியாகவோ கையேடு சொல்லும் வேறு முறையிலோ சர்வீஸ் நிலைக்குக் கொண்டுபோகாமல் தொடவே கூடாது.

தந்திரம் என்ற உங்கள் கோபம் எனக்குப் புரிகிறது. உரிமையாளர் உள்ளே கை வைத்துவிடக் கூடாது என்பதற்காகவே விசித்திரத் தலை வைத்த திருகுகள் உண்டு, அதில் எனக்கும் கோபம்தான். ஆனால் எல்லாவற்றையும் அந்தக் கணக்கில் சேர்க்க முடியாது. இந்தக் கருவி இல்லாமல் செய்தால் எது உடையும் என்று கேட்டுப் பாருங்கள். ஸ்பார்க் பிளக் கழற்ற ரப்பர் வைத்த சாக்கெட் இல்லையென்றால் கொஞ்சம் சிரமப்படுவீர்கள், அவ்வளவுதான். ஷாக் அப்சார்பரின் காயில் ஸ்பிரிங்கை அமுக்கும் கருவி நழுவினால் உயிரே போகலாம். அந்த வேலையை ஒர்க்‌ஷாப்புக்கே விட்டுவிடுங்கள், அதில் வெட்கப்பட ஒன்றுமில்லை.

காலிப்பர் கருவியை இரவல் வாங்கினாலே போதும். சொந்தமாக வாங்க வேண்டியது, எவ்வளவு இறுக்குகிறோம் என்று அளந்து காட்டும் டார்க் ரென்ச். சக்கர நட்டுக்குப் பல சிறிய கார்களில் 100 நியூட்டன் மீட்டரை ஒட்டித்தான் கேட்பார்கள், காலிப்பர் போல்ட்டுக்கு அதைவிடக் குறைவாகவும் இருக்கும். கை உத்தேசத்தில் இந்த வித்தியாசம் பிடிபடாது. டார்க் ரென்ச்சை வைத்து நட்டைக் கழற்றாதீர்கள், வேலை முடிந்ததும் அதன் அளவை மிகக் குறைந்த கோட்டுக்கு இறக்கி வையுங்கள்.

ஜாக்கியை மட்டும் நம்பி காருக்கு அடியில் போக வேண்டாம், ஸ்டாண்ட் கட்டாயம். எல்லாம் பூட்டியதும் பெடல் கெட்டியாகும் வரை மிதித்துவிட்டு, பிரேக் ஆயில் மட்டத்தையும் ஹேண்ட்பிரேக் பிடிக்கிறதா என்பதையும் பார்த்துவிட்டு வண்டியை நகர்த்துங்கள்.