தனிப்பட்ட சொற்பட்டியலில் எதைச் சேர்ப்பது, எதை விடுவது?

கேள்வி: தாவரக் கள ஆய்வுக் குறிப்புகளைக் கைப்பேசித் திரையில் தமிழில் கையால் எழுதுகிறேன். செடிப் பெயர்கள் வேறு சொற்களாக மாறிவிடுவதால், கலைச்சொற்கள், சுருக்கங்கள் எல்லாவற்றையும் தனிப்பட்ட அகராதியில், அதாவது விசைப்பலகையில் நாமே சொற்களைச் சேர்த்துக்கொள்ளும் பட்டியலில், ஏற்றினேன். இப்போது முன்பு சரியாக வந்த சாதாரணச் சொற்கள்கூடத் தவறுகின்றன. ஏன்?

பதில்: பட்டியல் பெருத்துவிட்டது. தயங்காமல் வெட்டுங்கள்.

கையெழுத்தைப் படிக்கும் மென்பொருள் இரண்டு விஷயங்களைச் சேர்த்தே எடைபோடுகிறது. திரையில் விழுந்த கோடுகள் எந்த எழுத்துகளை ஒத்திருக்கின்றன என்பது ஒன்று. அந்த எழுத்துகள் சேர்ந்தால் மொழியில் வரக்கூடிய சொல்லாகுமா என்பது மற்றொன்று. அகராதியில் சேர்க்கும் சொல்லுக்கு இரண்டாவதில் கூடுதல் மதிப்புக் கிடைக்கிறது. அதைப் போலவே தோற்றமளிக்கும் சொல் அந்த அளவுக்குப் பின்தங்குகிறது.

தமிழில் இந்த ஆபத்து அதிகம். துணைக்காலும் ரகரமும் பலருடைய கையெழுத்தில் ஒன்றேதான். நிலத்தின் தன்மையைக் குறிக்க ‘கரடு’ என்ற சொல்லைச் சேர்த்திருந்தீர்களானால், வேகமாக எழுதும் ‘காடு’ எல்லாம் கரடாகிவிடக்கூடும். சுருக்கங்கள் இன்னும் மோசம். இரண்டே எழுத்துள்ள சொல்லில் கோடுகள் குறைவு, எதனோடும் குழம்பும். அவற்றை முதலில் நீக்குங்கள். நெருஞ்சில், தழுதாழை, நத்தைச்சூரி போன்ற நீண்ட பெயர்களால் இந்தத் தொல்லை பெரும்பாலும் வருவதில்லை.

எல்லாவற்றையும் ஏற்றிவைக்கும் பழக்கத்துக்கு ஒரு காலத்தில் நியாயம் இருந்தது. 1993இல் வந்த ஆப்பிளின் நியூட்டன் என்ற கையடக்கக் கணினி, கையெழுத்தைப் படிக்கப் பெரிதும் சொற்பட்டியலையே நம்பியது. பட்டியலில் இல்லாத சொல்லை எழுதினால் அதற்கு நெருக்கமான வேறொன்றைக் காட்டிவிடும். 1996இல் வந்த பைலட் என்ற கையடக்கக் கருவியின் கிராஃபிட்டி என்னும் எழுதும் முறை, ஒவ்வொரு எழுத்துக்கும் எளிமையான ஒரு கோட்டு வடிவத்தை வகுத்து, அகராதியே தேவையில்லாமல் செய்தது. இன்றைய மென்பொருள்கள் பட்டியலில் இல்லாத சொல்லையும் எழுத்தெழுத்தாகப் படித்துத் தரக்கூடியவை. ஆகவே ஒவ்வொரு பெயரையும் முதலில் நிதானமாக எழுதிப் பாருங்கள். மீண்டும் மீண்டும் தவறுவதை மட்டும் சேருங்கள்.

சேர்க்கும்போது வேற்றுமை உருபுகளை மறக்கக் கூடாது. ‘கீழாநெல்லி’ பட்டியலில் இருப்பதால் ‘கீழாநெல்லியின்’, ‘கீழாநெல்லிக்கு’ என்பவையும் தாமாக வந்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. அதற்காகப் பெயருக்குப் பத்து வடிவங்கள் வேண்டாம்; உங்கள் குறிப்புகளில் உண்மையில் வருகிற ஒன்றிரண்டு போதும்.

எழுத்துப்பிழையையும் பாருங்கள். ‘ஔடதம்’ என்பதில் முதலெழுத்து ஔ என்ற ஒற்றைக் குறியீடாக இருக்க வேண்டும். ஒ, ள இரண்டையும் அடுத்தடுத்துத் தட்டினாலும் கண்ணுக்குக் கிட்டத்தட்ட அப்படியேதான் தெரியும். கருவிக்கோ அது வேறு சொல். பிறகு தேடும்போதும் அகப்படாது. எனக்கு மிகவும் கவலை தரும் பிழை இதுதான், ஏனென்றால் குறிப்பு இருந்தும் இல்லாததுபோல் ஆகிவிடுகிறது.

கூகுளின் ஜிபோர்டு விசைப்பலகை என்றால், அதன் அமைப்புகளில் அகராதி, தனிப்பட்ட அகராதி என்று சென்று தமிழைத் தேர்ந்தெடுங்கள். ஒவ்வொரு மொழிக்கும் தனிப் பட்டியல் உண்டு. தமிழ்ச் சொற்கள் வேறு மொழியின் கீழ் போய்ச் சேர்ந்திருக்கின்றனவா என்றும் பார்த்துவிடுங்கள். தானாகக் கற்றுக்கொண்ட தவறான சொல் பரிந்துரையில் தலைகாட்டினால், அதை அழுத்திப் பிடித்துக் குப்பைக்கூடைக்கு இழுத்தால் போதும்.

இத்தனைக்கும் முன் ஒரு சோதனை அவசியம். அடிக்கடி தவறும் பெயர் ஒன்றைப் பட்டியலில் இல்லாதபோது சில முறை எழுதுங்கள்; சேர்த்த பிறகும் அதே வேகத்தில் எழுதுங்கள். எந்த மாற்றமும் தெரியவில்லை என்றால், அந்தச் செயலி கையெழுத்துக்கு உங்கள் பட்டியலைப் பார்ப்பதில்லை என்றே கொள்ளலாம். அப்போது அந்தப் பெயரை மட்டும் தட்டச்சில் உள்ளிடுங்கள். அகராதியில் சொல்லுக்குப் பக்கத்தில் குறுக்குவழி ஒன்றைக் கொடுத்துவைத்தால், இரண்டு மூன்று எழுத்து தட்டியதும் முழுப்பெயர் பரிந்துரையில் வந்து நிற்கும்.