லூட்டா, கிட்டாரா? பரோக் தனியிசைப் பதிவுகள்: கேள்வி பதில்

பரோக் காலத்து, அதாவது ஏறத்தாழ 1600 முதல் 1750 வரையிலான ஐரோப்பியத் தனியிசையை லூட்டிலும் (பாதிப் பேரிக்காய் போல உடம்புள்ள பழைய தந்திக்கருவி) கிட்டாரிலும் கேட்க எந்தப் பதிவை எடுக்கலாம் என்று வந்த கேள்விகளுக்குப் பதில்கள் இவை. என் ஓரவஞ்சனையை முதலிலேயே சொல்லிவிடுகிறேன். லூட் என்றால் எனக்கு முதலில் வைஸ், அப்புறம்தான் பாக்.

கேள்வி: சார், பாக் லூட்டுக்காக எழுதியதை முழுவதும் ஒரே இடத்தில் கேட்க ஆசை. எதை வாங்கலாம்?

கிட்டாரில் போதும் என்றால் ஜான் வில்லியம்ஸ் 1975-ல் கொண்டுவந்த தொகுப்பு. தாளம் பிசகாது, சேர்ந்து ஓடும் ஒவ்வொரு இசைவரியும் தனித்தனியாகக் காதில் விழும். விறைப்பாக வாசிக்கிறார் என்று குறை சொல்பவர்கள் உண்டு. சில நாள் நானும் சொல்வேன். அப்படித் தோன்றினால் ஜூலியன் ப்ரீம் பக்கம் போங்கள். அவர் பாக்கை முழுவதும் வாசித்துத் தள்ளவில்லை, ஆனால் வாசித்தவற்றில் நிறம் அதிகம். ஒரே வரி திரும்பி வரும்போது மீட்டும் இடத்தை மாற்றிவிடுவார். முதல் தடவை வெண்ணெய் போல இருந்தது இரண்டாம் தடவை தகரம் போல ஒலிக்கும்.

லூட்டில் வேண்டும் என்றால் ஒரு விஷயம் தெரிந்துகொண்டு வாங்குங்கள். 'பாக்கின் லூட் படைப்புகள்' என்ற பெயரே கொஞ்சம் ஏமாற்று. பாக் படைப்புகளின் பட்டியலில் (BWV) எண் 995 முதல் 1000 வரையும், 1006ஏ-வும்தான் அந்தக் கணக்கில் வருபவை. இதில் 995 அவருடைய ஐந்தாவது செல்லோ சூட்டையே (சூட் என்றால் நடன இசைத் துண்டுகளின் கோவை) மாற்றி எழுதியது. அவர் கைப்பட எழுதிய பிரதியில் வரும் ஒரு கீழ்சுரம், அந்தக் காலத்தின் பதின்மூன்று வரிசை லூட்டில் (ஒன்றாக மீட்டும் இரட்டைத் தந்தியோ ஒற்றைத் தந்தியோ ஒரு வரிசை) கிடையவே கிடையாது. 996-இன் பழைய பிரதி ஒன்றில் 'லௌட்டன்வெர்க்குக்கு' என்று எழுதியிருக்கிறது. அது நரம்புத் தந்தி பூட்டிய, லூட் போல ஒலிக்கும் விசைப்பலகைக் கருவி. 1750-ல் பாக் இறந்தபோது அவர் வீட்டுச் சொத்துப் பட்டியலில் அப்படி இரண்டு இருந்தன. 998-இன் தலைப்பிலோ 'லூட் அல்லது ஹார்ப்சிகார்ட்' (இதுவும் ஒரு விசைப்பலகைக் கருவி) என்று அவரே எழுதிவிட்டார்.

ஆக, இதை லூட்டில் வாசிப்பவர் எவரும் அங்கங்கே விரலை ஒடித்துக்கொண்டுதான் வாசிக்கிறார். அந்தச் சிரமம் தெரியாமல் வாசிப்பவர்கள் ஹாப்கின்சன் ஸ்மித்தும் பால் ஓ'டெட்டும். விசைப்பலகைக் கருவியில் எப்படி இருக்கும் என்று பார்க்க, நாக்ஸோஸ் நிறுவனத்தில் எலிசபெத் ஃபார் வாசித்த பதிவு இருக்கிறது.

கேள்வி: வைஸ், வைஸ் என்கிறீர்களே, யார் அவர்? எங்கே தொடங்குவது?

இதைக் கேட்க மாட்டீர்களா என்றுதான் காத்திருந்தேன். சில்வியஸ் லியோபோல்ட் வைஸ், பாக்குக்கு இரண்டு வயது இளையவர். இருவரும் இறந்தது ஒரே வருடம், 1750. டிரெஸ்டன் அரசவையில் லூட் வாசித்தார். 1739-ல் லைப்சிக்கில் பாக் வீட்டுக்குப் போய்வந்தார். பாக் பெயரில் உள்ள 1025 என்ற வயலின் சூட், வைஸின் லூட் சொனாட்டா ஒன்றின் மேல் கட்டியதுதான். லூட்டுக்காகவே அறுநூறுக்கும் மேற்பட்ட துண்டுகள் எழுதியிருக்கிறார். லூட்டின் உடம்பு தெரிந்தவர் எழுதியது என்பது முதல் நிமிடத்திலேயே தெரிந்துவிடும்.

ராபர்ட் பார்ட்டோ நாக்ஸோஸுக்காக 11 தொகுதிகள் வாசித்திருக்கிறார். விலையும் கையைக் கடிக்காது. எந்தத் தொகுதியில் தொடங்கினாலும் தப்பில்லை. எனக்கு ஒன்றே ஒன்று என்றால், 1721-ல் இறந்த கோமகன் லோஜிக்காக வைஸ் எழுதிய 'டோம்போ', அதாவது இரங்கல் இசை. அவசரமே கிடையாது. கீழ்த் தந்தி ஒன்றை மீட்டிவிட்டு அது தேயும் வரை விடுவார்கள். அந்த ஒலி அடங்குவதற்குள் மேலே ஒரு சுரம் தயங்கித் தயங்கி வரும். வேகமாக வாசிக்கும் ஆள் இங்கே அகப்பட்டுக்கொள்வார். பதிவு தேர்ந்தெடுக்க இதைவிட நல்ல உரைகல் எனக்குத் தெரியாது. இரண்டு பேர் வாசித்ததை அடுத்தடுத்துக் கேளுங்கள், யாரை வாங்குவது என்று நீங்களே சொல்லிவிடுவீர்கள்.

யாக்கோப் லிண்ட்பெர்க் வைஸ் வாசித்திருக்கும் பதிவுகளையும் விடாதீர்கள். அவர் கையில் இருப்பது ஆக்ஸ்பர்க்கில் சிக்ஸ்டஸ் ரௌவோல்ஃப் 1590 வாக்கில் செய்து, பின்னாளில் பரோக் லூட்டாக மாற்றப்பட்ட கருவி. பழைய மரத்தின் ஒலி உலர்ந்து, மெல்லிசாக இருக்கும். பிஸ் நிறுவனத்தின் ஒலிப்பதிவு அதைக் கெடுக்கவில்லை.

கேள்வி: அண்ணா, லூட் பதிவு எதைப் போட்டாலும் சன்னமாகவே கேட்கிறது. ஒலியைக் கூட்டினால் கீச்சு கீச்சென்று விரல் சத்தம். என் ஹெட்போன் கோளாறா?

ஹெட்போனில் கோளாறு இல்லை தம்பி, ஒலியைக் கூட்டியதுதான் கோளாறு. லூட்டை நகத்தால் அல்ல, பெரும்பாலும் விரல் சதையால் மீட்டுகிறார்கள். தந்திகளின் இழுவிசையும் குறைவு. நேரில் கேட்டாலே அரங்கில் பத்தாவது வரிசை நாற்காலிக்கு அது சன்னம்தான். கிட்டார் பதிவு கேட்கும் அளவிலிருந்து கொஞ்சம் இறக்கி வையுங்கள், ராத்திரி தெரு அடங்கின பிறகு கேளுங்கள். ஐந்து நிமிடத்தில் காது தானாக இறங்கிவரும். மைக்கை மூக்குக்குக் கீழே வைத்து எடுத்த பதிவுகளில் வாசிப்பவரின் மூச்சு கூடக் கேட்கும். சிலருக்கு அது பிடிக்கும், எனக்குப் பிடிக்காது.

சுருதி பற்றியும் ஒரு வார்த்தை. பதின்மூன்று வரிசை லூட்டில் 24 தந்திகள். எண்பது வயது வாழ்ந்த லூட்காரர் அறுபது வருடத்தைச் சுருதி சேர்ப்பதிலேயே கழித்திருப்பார் என்று ஜெர்மன் இசை எழுத்தாளர் மாத்தேசன் 1713-லேயே கேலி செய்தார். வைஸுக்குக் கோபம் வந்து பதில் கடிதமே எழுதினார்.

கேள்வி: கிட்டார் கலைஞர் செகோவியாவின் பழைய பதிவு ஒன்றில் வைஸின் ஏ மைனர் சூட் கேட்டேன். லூட்டில் யார் வாசித்திருக்கிறார்கள்?

தேடாதீர்கள். அது வைஸ் எழுதியதே இல்லை. மெக்சிகோக்காரர் மானுவேல் போன்ஸே 20-ஆம் நூற்றாண்டில் எழுதியதை, செகோவியா வைஸ் பெயரில் உலவவிட்டார். வயலினில் கிரைஸ்லர் இதே விளையாட்டை ஆடிவிட்டு 1935-ல் ஒப்புக்கொண்டார். நல்ல இசைதான், நானும் கேட்பேன். இன்றும் சில ஆல்பங்களில் பழைய பெயரோடே இருக்கிறது.

கேள்வி: பரோக் கிட்டார் என்பது வேறா? இன்றைய கிட்டாரில் கேட்டால் போதாதா?

வேறேதான். ஐந்து வரிசைத் தந்தி, சின்ன உடம்பு. காஸ்பர் சான்ஸ் 1674-ல் சரகோசாவில் வெளியிட்ட பாடநூலில், நுணுக்கமாக மீட்டி வாசிப்பதற்கு நான்காவது, ஐந்தாவது வரிசைகளில் தடித்த தந்தியே வேண்டாம் என்கிறார். அதனால் கனத்த கீழ்சுரம் கிடையாது. பக்கத்துப் பக்கத்துச் சுரங்களை வெவ்வேறு தந்தியில் மீட்டி, ஒன்றின் மேல் ஒன்று மணி போல ஒலிக்கவிடுவார்கள். இன்றைய ஆறு தந்திக் கிட்டாரில் அதே சுரங்கள் வரும், அந்த மணிச்சத்தம் பாதிகூட வராது.

சான்ஸுக்கு ஹாப்கின்சன் ஸ்மித். பிரெஞ்சுப் பக்கம் பதினான்காம் லூயி அரசவையின் ரொபேர் தெ விசே. அவரையும் அதே காலத்துக் கிட்டார்காரர் கொர்பெத்தாவையும் ரோல்ஃப் லிஸ்லேவாண்ட் 'லா மாஸ்கராத்' என்ற ஆல்பத்தில் தனியாக வாசிக்கிறார், கொஞ்சம் கிட்டாரில், கொஞ்சம் தியோர்போ என்ற நீண்ட கழுத்து லூட்டில். அவருடைய மற்ற ஆல்பங்கள் பலவற்றில் தாளவாத்தியம், கூட வாசிப்பவர்கள் எல்லாம் சேர்ந்துவிடும். பிரமாதமாக இருக்கும், ஆனால் தனியிசை கேட்டவருக்கு அதைக் கொடுத்தால் அடிக்க வருவார்.

கேள்வி: பாக்கின் ஷாக்கோன் மட்டும் போதும் எனக்கு. ஒரே ஒரு பதிவு சொல்லுங்கள்.

வயலினுக்கு எழுதியதை 1935-ல் பாரிஸில் செகோவியா கிட்டாரில் வாசித்ததிலிருந்து கிட்டார்காரர் யாரும் அதை விடுவதில்லை. செகோவியாவினுடையது பெரிய மேடைப் பேச்சு போல இருக்கும். லூட்டில் ஹாப்கின்சன் ஸ்மித், பாக்கின் ஆறு தனி வயலின் படைப்புகளையும் வாசித்த தொகுப்பில் இருக்கிறது. நடுவில் மேஜருக்கு மாறும் இடத்தில் அவர் ஒலியைக் கூட்டுவதில்லை, குறைக்கிறார். பால் கால்பிரெய்த் எட்டுத் தந்திக் கிட்டாரைச் செல்லோ போல நிமிர்த்தி வைத்து வாசித்ததும் உண்டு, ரொம்ப நிதானம்.

ஒன்றே ஒன்று என்கிறீர்கள். ஸ்மித். இசைச் செயலியில் தேடும்போது படைப்பின் பெயரோடு வாசிப்பவர் பெயரையும் சேர்த்துத் தேடுங்கள். வெறுமனே 'லூட்' என்று போட்டால் தூக்கத்துக்கான இசை என்று மூன்று மணிநேரத் தொகுப்பு வந்து நிற்கும், அதில் யார் வாசித்தார்கள் என்றே இருக்காது.