கம்பியில் கோத்த கடிதங்கள்

கேள்வி: தாத்தாவுக்கு வந்த கார்டுகளும் இன்லேண்டு லெட்டர்களும் கம்பியில் குத்தியபடியே பரணில் கிடைத்தன. பலவற்றில் தேதி இல்லை. லேமினேஷன் செய்துவிடலாமா?
– வாசகி, காவேரிப்பட்டணம்

பதில்: வேண்டவே வேண்டாம். லேமினேஷன் சூட்டில் பசை உருகித் தாளோடு ஒட்டிவிடும். பிறகு பிரிக்க வழியில்லை. செலோ டேப்பும் ஒட்டாதீர்கள், பழுப்பேறிக் கறையாகும்.

துருவில் தாள் பிடித்திருக்கும், கம்பியை ஒரே இழுப்பில் உருவினால் கிழியும். வளைந்த முனையைக் கட்டரால் நறுக்கிவிட்டு, மேலிருந்து ஒவ்வொன்றாகக் கழற்றுங்கள். மென்மையான பிரஷ்ஷால் தூசி தட்டினால் போதும். ஈரத்துணி பட்டால் பேனா மை கரைந்துவிடும்.

தேதிக்கு முதலில் தபால் முத்திரை. அது மங்கியிருந்தால் முகவரியே துப்பு. ‘சேலம் ஜில்லா’ என்றிருந்தால் பெரும்பாலும் 1965-க்கு முந்தியது. சேலத்திலிருந்து பிரிந்து, உங்கள் ஊரையும் சேர்த்துக்கொண்டு தருமபுரி தனி மாவட்டமானது அந்த ஆண்டுதான். (பழக்கதோஷத்தில் பிறகும் அப்படியே எழுதியவர்கள் உண்டு!) பின்கோடு வந்தது 1972 ஆகஸ்ட் 15-ல். ஆக, உங்கள் பகுதிக்குரிய 635 என்று தொடங்கும் எண் இருந்தால் அதற்குப் பிந்தியது. தபால்தலை விலை நயா பைசாவில் இருந்தால், அச்சானது 1957-க்கும் 1964-க்கும் இடையில். ஊகித்த தேதியைக் கடிதத்தின் மேல் எழுதாமல் தனி நோட்டில் குறியுங்கள்.

முகவரிப் பக்கத்தையும் சேர்த்து 300 டிபிஐ-யில் (ஸ்கேனரில் தெளிவைக் குறிக்கும் அளவு) ஸ்கேன் செய்து, இரண்டு இடங்களில் சேமியுங்கள். கடிதத்தில் வரும் ‘பெரிய மாப்பிள்ளை’, ‘மேட்டுவீட்டுக்காரர்’ எல்லாம் யார் என்று வீட்டுப் பெரியவர்களிடம் இப்போதே கேட்டு எழுதிவிடுங்கள். ஸ்கேனர் அதைச் சொல்லாது. மூலக் கடிதங்களை மடிப்பு விரித்து, கரையான் எட்டாத அலமாரியில் படுக்கையாக வையுங்கள்.