சிலுவையைப் பார்த்துச் சிரிக்கும் பேய்கள்

பேய் பிடித்த சிறுமிக்கு இரண்டு கத்தோலிக்கச் சாமியார்கள் பேயோட்டும் 'எக்ஸார்சிஸ்ட்' படத்தை மறுபடி பார்த்தேன், விசுவாசத்தைச் சொல்லும் படம் அது என்று போன இதழில் போகிற போக்கில் ஒரு வரி எழுதிவிட்டேன். அதற்கு வந்த கடிதங்களில் பாதி சினிமாவைப் பற்றி, மீதி சாத்தானைப் பற்றி. அதனால் இந்த வாரம் பேய்க்கே ஒதுக்கியாயிற்று. பெயர் போட வேண்டாம் என்று பலர் கேட்டதால் ஊர் மட்டும்.

கே: பேய்ப் படம் பார்த்தால் ஆவிக்கு நாமே கதவைத் திறந்துவிட்ட மாதிரி என்று எங்கள் பாஸ்டர் சொல்கிறார். எனக்கோ அந்தப் படங்கள்தான் பிடிக்கும். பாவமா? (கல்லூரி மாணவி, நாசரேத்)

பாவமா இல்லையா என்று தீர்ப்புச் சொல்கிற வேலை என்னுடையது இல்லை. உங்கள் பாஸ்டர் கையில் வைத்திருப்பது அநேகமாக பிலிப்பியர் 4:8ஆக இருக்கும். உண்மையானவை, ஒழுக்கமானவை, கற்புள்ளவை எவையோ அவற்றையே சிந்தியுங்கள் என்கிற வசனம். நல்ல வசனம்தான், ஆனால் அதே பைபிளில்தானே கல்லறைகளுக்கு நடுவில் சங்கிலியை அறுத்துக்கொண்டு ராத்திரி பகலாகக் கத்தித் திரிகிற ஒருவன் வருகிறான், பேர் என்ன என்று கேட்டால் 'லேகியோன், நாங்கள் அநேகர்' என்கிறான், கடைசியில் இரண்டாயிரம் பன்றிகள் மேட்டிலிருந்து கடலில் பாய்ந்து சாகின்றன. செத்துப்போன சாமுவேலை எழுப்பிக்கொடுக்கும் எந்தோர் ஊர் அஞ்சனக்காரியும் அதில்தான் இருக்கிறாள். இதையெல்லாம் சண்டே ஸ்கூலில் கேட்டு வளர்ந்த பிள்ளைக்குத் திகில் கதை பிடிக்காமல் இருந்தால்தான் ஆச்சரியம்.

ஒன்று மட்டும் சொல்வேன். படம் பார்த்து ஒரு ராத்திரி தூக்கம் போனால் அது இயக்குநரின் கெட்டிக்காரத்தனம். ஒரு வாரத்துக்குப் பாத்ரூம் போக ஆள் துணை வேண்டியிருந்தால் கொஞ்ச நாள் நிறுத்திவையுங்கள், தாயி.

கே: 'எக்ஸார்சிஸ்ட்' முடிவில் சாத்தான்தானே ஜெயிக்கிறது? இரண்டு சாமியார்களும் செத்துப்போகிறார்கள். இதைப் போய் விசுவாசத்தைச் சொல்லும் படம் என்று எப்படி எழுதினீர்கள்? (வாசகர், பாளையங்கோட்டை)

இந்தக் கேள்விதான் கதையை எழுதியவரையும் கடைசிவரை உறுத்தியது, அதனால் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன்.

கதையை எழுதிய வில்லியம் பீட்டர் பிளாட்டி கத்தோலிக்கர். வாஷிங்டனில் இயேசு சபையார் நடத்தும் ஜார்ஜ்டவுன் பல்கலைக்கழகத்தில் படித்துக்கொண்டிருந்தபோது, 1949இல், பக்கத்து மேரிலாந்தில் 14 வயதுப் பையன் ஒருவனுக்குப் பேயோட்டினார்கள் என்று பத்திரிகையில் செய்தி வந்தது. அது அவர் மண்டைக்குள் இருபது வருஷம் கிடந்து 1971இல் நாவலாயிற்று. கதையில் பையன் பெண்ணானான். அவருடைய கணக்கு எளிமையானது: பிசாசு என்று ஒன்று நிஜமாகவே இருக்கிறதென்றால் மறுபக்கம் கடவுளும் இருந்தாக வேண்டும். 1973 டிசம்பரில் படம் வந்தது. இயக்கிய வில்லியம் ஃப்ரீட்கின் யூதக் குடும்பத்தில் பிறந்தவர். படத்தில் டயர் என்ற சாமியாராக வருகிறவர் நிஜமாகவே இயேசு சபைக் குரு. கடைசிக் காட்சியில் கை நடுங்க வேண்டும் என்பதற்காக ஃப்ரீட்கின் அவரைக் கன்னத்தில் ஒரு அறை விட்டுவிட்டு உடனே கேமராவை ஓட்டினாராம். இந்தக் காலத்தில் செய்தால் கேஸ் ஆகியிருக்கும்.

சரி, கேள்விக்கு வருவோம். நாம் எல்லோரும் கட்டிலில் கிடக்கிற ரீகன் என்ற சிறுமியையே பார்த்துக்கொண்டிருக்கிறோம், அவள் தலை திரும்புகிறது, பச்சையாக வாந்தி எடுக்கிறாள். ஆனால் பேய்க்கு அவள் முக்கியமே இல்லை. அது குறிவைப்பது கட்டிலுக்கு எதிரே நிற்கிற காரஸை. அவர் குருவானவர், அதோடு மனநல மருத்துவரும். தாயைத் தனியாகச் சாகவிட்ட குற்ற உணர்ச்சியில், விசுவாசமே போய்விட்டது என்று ஏற்கெனவே ஒரு நண்பரிடம் புலம்பியவர். பேயோட்ட வேண்டும் என்று சிறுமியின் தாய் வந்து கேட்கும்போது, அதற்கு அவளை ஒரு டைம் மெஷினில் ஏற்றி 16ஆம் நூற்றாண்டுக்குத்தான் அனுப்ப வேண்டும் என்று சொல்கிற ஆள். அவர் ஒரு சோதனை செய்கிறார், ஞாபகம் இருக்கிறதா? சாதாரணக் குழாய்த் தண்ணீரை எடுத்து, இது புனித நீர் என்று சொல்லித் தெளிக்கிறார். சிறுமி எரிகிறது எரிகிறது என்று துடிக்கிறாள். முதல் தடவை பார்த்தபோது, ஆகா பேய் மாட்டிக்கொண்டது, இது வெறும் மனநோய்தான் போல என்று நினைத்தேன். இப்போது எனக்கு வேறு மாதிரி படுகிறது. அது பிசாசேதான் என்று காரஸுக்கு நிச்சயமாகிவிட்டால் கடவுளும் நிச்சயமாகிவிடுவாரே. அந்த நிச்சயம் அவருக்குக் கிடைக்கவிடாமல் இழுத்தடிப்பதுதான் அந்தக் குழாய்த் தண்ணீர் நாடகம்.

நடுவில் மாடிப்படியில் இரண்டு சாமியார்களும் களைத்து உட்கார்ந்திருக்கும்போது, ஏன் இந்தச் சிறுமிக்கு இப்படி என்று காரஸ் கேட்கிறார். நம்மைச் சோர்ந்துபோக வைக்கத்தான் என்கிறார் கிழவர் மெரின். நாமெல்லாம் வெறும் மிருகம், அசிங்கம், நம்மையெல்லாம் கடவுள் நேசிக்கவே மாட்டார் என்று நம்மை நினைக்க வைக்கத்தான். மொத்தப் படத்துக்கும் சாவி இந்த வசனம். ஃப்ரீட்கின் அதை 1973இல் வெட்டியெறிந்துவிட்டார், பிளாட்டி வருஷக்கணக்கில் மல்லுக்கட்டி 2000இல் வந்த பதிப்பில்தான் திரும்பச் சேர்க்க முடிந்தது. நீங்கள் பார்த்தது பழைய பதிப்பாக இருந்தால் உங்கள் மேல் தப்பே இல்லை.

கடைசியில் காரஸ் 'என்னை எடுத்துக்கொள்' என்று கத்துகிறார், பேய் அவருக்குள் வருகிறது, அவர் கை சிறுமியின் கழுத்தை நோக்கிப் போகிறது, ஒரே நொடியில் முகம் மறுபடி அவர் முகமாகி ஜன்னல் வழியாக விழுகிறார். அந்த ஒரு நொடிதான் அவர் வாங்கிய வெற்றி. நண்பனுக்காகத் தன் உயிரைக் கொடுப்பதைவிடப் பெரிய அன்பு இல்லை என்று யோவானில் வருகிறதே, அது. கீழே படிக்கட்டில் டயர் அவர் கையைப் பிடித்துக்கொண்டு பாவமன்னிப்புக் கொடுக்கிறார், அந்தக் கை லேசாக அசைகிறது. தியேட்டரில் முக்கால்வாசிப் பேர் பேய்தான் அவரைத் தள்ளிக் கொன்றது என்று நினைத்துக்கொண்டு போனார்கள், பிளாட்டிக்கு அது தீராத வருத்தம். என்னைக் கேட்டால் ஃப்ரீட்கின் அதைக் கொஞ்சம் மூட்டமாக எடுத்ததுதான் படத்தை ஐம்பது வருஷம் வாழவைக்கிறது. பிளாட்டி கேட்ட மாதிரி விளக்கமாக எடுத்திருந்தால் அது பிரசங்கம் ஆகியிருக்கும், நீங்களும் கடிதம் எழுதியிருக்க மாட்டீர்கள்.

கே: எந்தப் பேய்ப் படத்திலும் ஏன் கத்தோலிக்கச் சாமியாரே வருகிறார்? எங்கள் ஊர் பெந்தெகொஸ்தே சபையில் வாராவாரம் பிசாசு விரட்டுகிறோம், எங்களை வைத்து ஒருத்தரும் படம் எடுக்கக் காணோமே! (சபை ஊழியர், மார்த்தாண்டம்)

ஐயா, உங்களிடம் மைக்செட்தான் இருக்கிறது. அவர்களிடம் கறுப்பு அங்கி, லத்தீன், மெழுகுவர்த்தி, புனித நீர் என்று ஆர்ட் டைரக்டருக்கு வேண்டியது எல்லாம் இருக்கிறது. 1614இல் வந்த பேயோட்டும் சடங்குப் புத்தகம் இருக்கிறது, அதை 1999இல்தான் மாற்றி எழுதினார்கள். திருச்சபைச் சட்டம் வேறு கதைக்கு உதவுகிறது: ஆயரின், அதாவது பிஷப்பின், அனுமதி இல்லாமல் எந்தக் குருவும் இதில் இறங்கக் கூடாது, அதனால் முதல் பாதியில் அனுமதிக்கு அலையலாம், இரண்டாம் பாதியில் பேயோடு மோதலாம், இடைவேளை தானாக வந்துவிடும். 1897இல் 'டிராகுலா' எழுதிய பிராம் ஸ்டோக்கரே புராட்டஸ்டன்ட். ஆனாலும் ரத்தக்காட்டேரியை அடக்கக் கத்தோலிக்க நற்கருணை அப்பத்தைத்தான் கொண்டுவர வேண்டியிருந்தது.

எனக்கு இதில் பிடித்தது 1985இல் வந்த 'ஃப்ரைட் நைட்'. டிவியில் பேய் வேட்டைக்காரனாக நடித்துப் பிழைப்பு போன ஒரு கிழ நடிகர் நிஜ ரத்தக்காட்டேரிக்கு எதிரே சிலுவையைத் தூக்கிக் காட்டுகிறார். அது சிரிக்கிறது. இது என்னிடம் பலிக்க வேண்டுமானால் உனக்கு விசுவாசம் இருக்க வேண்டும் என்று சொல்லிச் சிலுவையைக் கையால் நசுக்கிப் போடுகிறது. பிரமாதமான காட்சி. கத்தோலிக்க வேதபாடப்படி பார்த்தால் தப்பு: ஞானஸ்நானமோ நற்கருணையோ, கொடுக்கிறவனின் யோக்கியதையைப் பொறுத்ததே இல்லை, குடிகாரன் கொடுத்தாலும் ஞானஸ்நானம் ஞானஸ்நானம்தான் என்று பழங்காலத் திருச்சபை அறிஞர் அகுஸ்தினார் காலத்திலேயே சண்டைபோட்டு முடித்தாகிவிட்டது. ஆனால் பேயோட்டுவது ஞானஸ்நானம், நற்கருணை மாதிரியான அந்த ஏழு அருட்சாதனங்களில் சேராது. அங்கே படம் வேறொரு பக்கம் உண்மையைத் தொடுகிறது. அப்போஸ்தலர் 19இல் ஸ்கேவா என்ற யூத ஆசாரியனின் ஏழு பிள்ளைகள் பவுலைக் காப்பியடித்து இயேசுவின் பெயரைச் சொல்லிப் பேயோட்டப் போவார்கள். 'இயேசுவை அறிவேன், பவுலையும் அறிவேன், நீங்கள் யார்?' என்று கேட்டுவிட்டு அந்தப் பேய் அவர்கள் மேல் பாயும். காயத்தோடும் அம்மணமாகவும் ஓடுவார்கள். சிலுவையைத் தாயத்தாக நினைக்கிறவனுக்கு என்ன கதி என்பதை அந்த அத்தியாயம் இரண்டாயிரம் வருஷத்துக்கு முன்பே சிரிப்போடு சொல்லிவிட்டது. இன்று 'கான்ஜுரிங்', 'நன்' வகைப் படங்களில் சிலுவையைத் துப்பாக்கி மாதிரி நீட்டுகிறார்களே, அது பெரும்பாலும் ஸ்கேவா கட்சிதான்.

கே: 'எமிலி ரோஸ்' பேய்ப் படம் உண்மைக் கதையா? எங்கள் உறவில் ஒரு பெண்ணுக்கும் இதே மாதிரிதான் வருகிறது. மாத்திரையை நிறுத்திவிட்டுக் கோயிலில் தங்க வைத்திருக்கிறார்கள். அதனால்தான் கேட்கிறேன். (வாசகி, தென்காசி)

அம்மா, முதலில் மாத்திரையைத் திரும்பக் கொடுக்கச் சொல்லுங்கள், இன்றைக்கே டாக்டரிடம் காட்டச் சொல்லுங்கள், மீதியை அப்புறம் படியுங்கள். யாரிடம் கேட்பது என்று தெரியவில்லை என்றால் அரசாங்கத்தின் மனநல உதவி எண்ணான டெலி மானஸ் 14416க்கு போன் செய்யுங்கள், காசு கிடையாது, தமிழிலேயே பேசலாம்.

அந்தப் படத்துக்குப் பின்னால் இருப்பது அன்னலீசே மிஷெல் என்ற ஜெர்மன் பெண். பதினாறு வயதில் முதல் வலிப்பு வந்தது, கால்கை வலிப்பு என்று மருந்தும் கொடுத்தார்கள். பிறகு பேய் என்றார்கள். ஆயர் அனுமதி கொடுத்தார். 1975 செப்டம்பரிலிருந்து அடுத்த ஜூன் முடிய 67 தடவை சடங்கு நடந்தது. அவள் சாப்பாட்டை விட்டாள். 1976 ஜூலை 1ஆம் தேதி, 23 வயதில், ஊட்டச்சத்தும் தண்ணீரும் இல்லாமல் செத்தபோது எடை சுமார் 30 கிலோ. 1978இல் பெற்றோருக்கும் இரண்டு குருக்களுக்கும் அலட்சியத்தால் மரணம் விளைவித்ததாகத் தண்டனை, ஆறு மாதம், அதுவும் நிறுத்திவைக்கப்பட்டது.

2005இல் வந்த படம் இதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோகிறது, பெற்றோரைக் கூண்டில் ஏற்றாமல் ஒரே ஒரு சாமியாரை நிறுத்துகிறது. இயக்குநர் ஸ்காட் டெரிக்சன் கிறிஸ்தவர், கெட்டிக்காரர், பேயா நோயா என்று இரண்டு பக்கமும் பேசவிடுகிறார், அதெல்லாம் சரி. ஆனால் கோர்ட்டில் ஒரு நிபுணர் வந்து, மாத்திரை சாப்பிட்டதால்தான் பேயோட்டும் சடங்கு பலிக்கவில்லை என்று சாட்சி சொல்கிற காட்சி ஒன்று இருக்கிறது. அந்த மாத்திரையே கற்பனைப் பெயர். அந்த இடத்தில்தான் எனக்குக் கோபம் வருகிறது. ஒரு பெண் பட்டினியில் செத்த கதையை எடுத்துவிட்டுக் குற்றத்தை மாத்திரை மேல் போடுவது என்ன நியாயம்?

கத்தோலிக்கச் சபையின் மறைக்கல்வி நூலே, மனநோய் என்பது வேறு, அது மருத்துவத்தின் வேலை, சடங்குக்கு முன்னால் அது நோய் இல்லை என்று உறுதி செய்துகொள்ள வேண்டும் என்று எழுதிவைத்திருக்கிறது. நம் பக்கத்திலும் புளியம்பட்டி அந்தோணியார் கோயில், ராஜாவூர் மிக்கேல் அதிதூதர் கோயில் என்று பேய் பிடித்ததாகச் சொல்லி எல்லா மதத்தாரும் வந்து தங்குகிற இடங்கள் உண்டு. போகட்டும், ஜெபிக்கட்டும், அங்கே கிடைக்கிற ஆறுதலை நான் கேலி செய்ய மாட்டேன். மாத்திரை டப்பாவையும் கூட எடுத்துக்கொண்டு போகட்டும்.

கே: 666 நிஜமா? (9ஆம் வகுப்பு மாணவன், தூத்துக்குடி)

எண் நிஜம், வெளிப்படுத்தல் 13:18இல் மிருகத்தின் எண்ணாக வருகிறது. ஆனால் 1976இல் வந்த 'ஓமன்' படத்தில் அதோடு சேர்த்து ஒப்பிக்கும் தீர்க்கதரிசனப் பாட்டு பைபிளில் கிடையாது, படத்துக்காக எழுதியது. இன்னொன்று, அந்திக்கிறிஸ்து, அதாவது கிறிஸ்துவுக்கு எதிராளி, என்ற சொல்லே வெளிப்படுத்தலில் இல்லை, யோவானின் நிருபங்களில்தான் இருக்கிறது. தலைகீழ்ச் சிலுவையும் சாத்தானுடையது இல்லை தம்பி, தலைகீழாக அறையச் சொல்லி உயிர்விட்டதாக மரபு சொல்கிற பேதுருவுடையது.

கே: பேயே வராமல் சாத்தானைக் காட்டிய படம் ஏதாவது? (வாசகர், திருச்சி)

'காட்ஃபாதர்', 1972. கடைசியில் வருகிற ஞானஸ்நானக் காட்சி. சாத்தானை விட்டுவிடுகிறாயா என்று சாமியார் கேட்க, ஞானத்தகப்பனாக நிற்கிற மாஃபியாத் தலைவன் மைக்கேல் 'விட்டுவிடுகிறேன்' என்கிறான், அந்த நேரத்தில் ஊர் முழுக்க அவன் அனுப்பிய ஆட்கள் சுட்டுத்தள்ளிக்கொண்டிருக்கிறார்கள். கத்தோலிக்க ஞானஸ்நானச் சடங்கிலேயே பேயோட்டும் ஜெபம் ஒன்று உண்டு, சின்னதாக. குழந்தைக்கு அது நடக்கிறது. ஓட்ட வேண்டியது குழந்தையைப் பிடித்துக்கொண்டு கோட்டு சூட்டோடு நிற்கிறது. புனித நீருக்கு அது துடிக்கவும் இல்லை.

கே: 'எக்ஸார்சிஸ்ட்' படத்தை ராத்திரியில் தனியாகப் பார்க்கலாமா? (வாசகி, கோவை)

பார்க்கலாம். கிழவர் மெரினாக வருகிற மாக்ஸ் வான் சைடோவுக்கு அப்போது 44 வயதுதான் இருக்கும், மேக்கப் போட்டுக் கிழவராக்கினார்கள். அதற்கு எட்டு வருஷம் முன்பு, 1965இல், வேறொரு ஹாலிவுட் படத்தில் அவர்தான் இயேசு. அப்புறம் தனியாக எங்கே பார்க்கிறீர்கள்?