வெறும் வண்டியில் பின்சக்கரம் வழுக்குவது ஏன்?

கேள்வி: என் ஹெவி டியூட்டி டீசல் பிக்கப்பை பாரம் இல்லாமல் ஓட்டும்போது, மழை ஈரத்தில் நின்று கிளம்பினால் பின்சக்கரம் வழுக்கிச் சுழல்கிறது. திருப்பத்தில் பின்பக்கம் ஒதுங்குகிறது. ஆனால் ஆக்ஸிலரேட்டரை அழுத்தியதும் உடனே இழுவை வருவதில்லை. டார்க் மேனேஜ்மென்டை, அதாவது இன்ஜினின் முறுக்குவிசையை (டார்க்) மட்டுப்படுத்தும் கட்டுப்பாட்டை, எடுத்துவிட்டால் எல்லாம் சரியாகும் என்கிறார்கள். எடுக்கலாமா?

பதில்: வேண்டாம். எடுத்தால் இப்போது வழுக்குவதைவிட அதிகமாக வழுக்கும்.

ஒரு சின்னக் கணக்கு போட்டுப் பார்ப்போம். இந்த ரக இன்ஜின்கள் 1,350 நியூட்டன் மீட்டர் டார்க்கைச் சாதாரணமாகத் தருகின்றன. முதல் கியரில் அது ஏறக்குறைய 4 மடங்கு, ஆக்ஸிலில் மறுபடியும் 3.5 மடங்கு. ஆக, சக்கரங்களுக்குப் போவது சுமார் 18,900. சரி, தரை எவ்வளவு தாங்கும்? வெறும் வண்டியில் இன்ஜின் எடை முழுக்க முன்பக்கம். பின் ஆக்ஸில் மேல் 1,400 கிலோ இருக்கும் என்று வைத்துக்கொள்ளுங்கள். ஈரத்தில் டயர் தாங்குவது சுமார் 2,750 நியூட்டன் மீட்டர்தான். ஏழில் ஒரு பங்கு! காய்ந்த சாலையிலும் 4,700-ஐத் தாண்டாது. அதே ஆக்ஸிலில் இன்னும் 1,000 கிலோ ஏற்றினால், ஈரத்திலேயே அந்த 4,700 கிடைத்துவிடுகிறது. உங்கள் வண்டிக்குக் குறைவது டார்க் அல்ல, பின்பக்க எடை.

மிதித்தவுடன் வரும் தயக்கத்தில் பாதி டர்போவுடையது. காற்றழுத்தம் ஏறும்வரை டீசல் இன்ஜினால் முழு பலத்தைத் தர முடியாது. மீதிதான் டார்க் மேனேஜ்மென்ட்: கீழ் கியர்களிலும் கியர் மாறும் நேரத்திலும் எரிபொருளைக் குறைத்து, கியர்பாக்ஸையும் ஆக்ஸிலையும் காப்பாற்றுகிறது. டிராக்‌ஷன் கன்ட்ரோல் வேறு. அது சக்கரம் வழுக்கிய பிறகுதான் கவனித்து, பிரேக் பிடித்து, இன்ஜினை அடக்கும்.

ஆக்ஸில் ஷாஃப்ட் எப்போது முறிகிறது தெரியுமா? சக்கரம் சுழன்றுகொண்டே இருக்கும்போது அல்ல. வழுக்கிச் சுழலும் சக்கரம் திடீரென்று தரையைப் பிடிக்கும் அந்த நொடியில். பின் ஆக்ஸிலைத் தாங்கும் பட்டை ஸ்பிரிங் முறுக்கிக்கொள்ளும், விடும், மறுபடி முறுக்கிக்கொள்ளும். சக்கரம் தடதடவென்று குதிக்கும். இருக்கைக்குக் கீழே அந்த அதிர்வு தெரிந்தால் உடனே காலை எடுத்துவிடுங்கள். ஒவ்வொரு குதியும், ஆக்ஸிலுக்குச் சுழற்சியைக் கொண்டுபோகும் தண்டின் மூட்டான யூ-ஜாயின்ட் மேல் விழும் சுத்தியல் அடி.

மழைக்காலத்தில் பின் ஆக்ஸிலுக்கு நேர் மேலே 200 கிலோ மணல் மூட்டைகளை வைத்து, நகராதபடி இறுக்கிக் கட்டுங்கள். அப்புறம் டயர் காற்று: கதவோரம் ஒட்டியிருக்கும் ஸ்டிக்கரில் உள்ள பின்டயர் காற்றளவு பெரும்பாலும் முழு பாரத்துக்கானது. வண்டிக் கையேட்டில் வெறும் வண்டிக்குத் தனி அளவு சொல்லியிருந்தால் மட்டும் அதற்குக் குறைக்கலாம். தேய்ந்த டயரை ஓட்டாதீர்கள். வழுக்கும் சாலைக்கான மோடு இருந்தால் போடுங்கள். இல்லையென்றால் இரண்டாம் கியரில் கிளம்புங்கள்.

தரை தொடர்ந்து வழுக்கலாக இருந்தால், நான்கு சக்கரங்களுக்கும் பலம் அனுப்பும் 4எச் போடலாம். காய்ந்த தாரில் மட்டும் வேண்டவே வேண்டாம். திருப்பத்தில் முன்னும் பின்னும் ஒன்றோடொன்று மல்லுக்கட்டும். இரண்டு பின்சக்கரங்களையும் ஒரே வேகத்தில் பூட்டிச் சுழற்றும் பின் லாக்கரும் ஈரத் திருப்பத்தில் ஆபத்து, இரண்டு சக்கரமும் சேர்ந்து வழுக்கினால் பின்பக்கம் சட்டென்று வீசிவிடும். டிராக்‌ஷன் கன்ட்ரோலை அணைப்பது மணலிலோ சேற்றிலோ சிக்கும்போது மட்டும். வெளியே வந்ததும் மறக்காமல் போட்டுவிடுங்கள்.