பங்குனி நோட்டீஸும் நம் தெருக் கேள்விகளும்

வார்டு கவுன்சிலர் அம்மா பங்குனி பிறந்ததும் வீடு வீடாகக் கொடுத்த நோட்டீஸைப் பார்த்திருப்பீர்கள். கோடைக்குத் தண்ணீர் ஏற்பாடு, அரையாண்டு சொத்து வரி, மழைநீர் வடிகால் தூர் வாருவது, இரண்டு தெருவுக்குப் புது ரோடு, அடுத்த பகுதி சபைக் கூட்டம் (நம் பகுதி மக்கள் கவுன்சிலர் முன்னால் நேரில் குறை சொல்லும் கூட்டம்) என்று ஐந்து விஷயம் அதில் இருக்கிறது. அதைப் படித்துவிட்டு வடசென்னையின் பல பகுதிகளிலிருந்து என்னிடம் கேள்வி அனுப்பியவர்கள் நிறையப் பேர். குடிநீர், கழிவுநீர்க் குழாய் வேலையில் 31 வருடம் இருந்துவிட்டு ஓய்வு பெற்றவன் நான். எனக்குத் தெரிந்த வேலை அது. மற்றதற்கு எங்கே போக வேண்டும் என்று மட்டும் சொல்கிறேன்.

தண்டையார்பேட்டையிலிருந்து: 2019 மாதிரி இந்தக் கோடையிலும் லாரி பின்னால் குடத்தோடு ஓட வேண்டியிருக்குமா ஐயா?

அந்த வருடம் பூண்டி, சோழவரம், புழல், செம்பரம்பாக்கம் நான்குமே காய்ந்து போயின. அதிலும் நம் பக்கம் கொஞ்சமாவது தாக்குப்பிடித்ததற்குக் காரணம், மீஞ்சூர் பக்கத்தில் காட்டுப்பள்ளியில் 2010-இல் வந்த, கடல்நீரைக் குடிநீராக்கும் ஆலை. ஒரு நாளைக்கு 10 கோடி லிட்டர் கொடுக்கக் கூடியது. தெற்கே நெம்மேலியில் 2013-இல் அதே அளவுக்கு ஒன்று வந்தது, 2024-இல் பக்கத்திலேயே 15 கோடி லிட்டருக்கு இன்னொன்றும் வந்துவிட்டது. அதனால் ஏரிகள் மேல் விழும் பாரம் முன்னைவிடக் குறைவு. புழல் நிரம்பினால் 3,300 மில்லியன் கன அடி. பேப்பரில் தினமும் அளவு போடுகிறார்கள், அதை நீங்களே பார்த்துக்கொள்ளலாம். கவுன்சிலரிடம் ஏரியைப் பற்றிக் கேட்காதீர்கள். “எங்கள் தெருவுக்கு எந்த நாள், எத்தனை மணிக்கு, எவ்வளவு நேரம் தண்ணீர் விடுவார்கள்” என்று கேளுங்கள். ஏரி நிறைய இருந்தும் தெருக்கோடி வீட்டுக்கு ஒரு குடம் வராத கதையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன்.

புது வண்ணாரப்பேட்டையிலிருந்து: சொத்து வரி ஏப்ரலிலேயே கட்டினால் குறையும் என்று போட்டிருக்கிறார்களே, உண்மையா?

உண்மை. ஏப்ரல் முதல் செப்டம்பர் வரைக்குமான அரையாண்டு வரியை ஏப்ரல் 30-க்குள் கட்டினால் 5 சதவீதம் ஊக்கத்தொகை, அதிகபட்சம் 5,000 ரூபாய். அடுத்த அரையாண்டுக்கு அக்டோபர் 30.

ராயபுரத்திலிருந்து: எங்கள் தெருவுக்கு ரோடு வருகிறதாம். போன தடவை போட்டபோது வீடு பள்ளத்துக்குப் போய்விட்டது. என்ன செய்ய?

பழைய ரோட்டைச் சுரண்டி எடுத்துவிட்டு அதே மட்டத்தில்தான் புது ரோடு போட வேண்டும் என்று 2021-லேயே தலைமைச் செயலாளர் உத்தரவு போட்டிருக்கிறார். வேலை தொடங்குவதற்கு முந்தின நாள், உங்கள் வாசற்படியில் ரோடு எந்த மட்டத்தில் இருக்கிறதோ அங்கே பெயிண்டால் ஒரு கோடு இழுத்து, ஸ்கேல் வைத்துப் போட்டோ எடுத்து வையுங்கள். அப்புறம் யாரும் “அதே மட்டம்தான்” என்று வாயால் சொல்லிவிட்டுப் போக முடியாது.

அதைவிடப் பெரிய விஷயம் ஒன்று. ரோடு வருவதற்கு முன்னால் கவுன்சிலரிடம் கேட்க வேண்டியது: “கீழே குழாய் மாற்றியாகிவிட்டதா?” மேலே போடும் ரோடு மாநகராட்சி வேலை, கீழே போகும் குழாய் குடிநீர் வாரிய வேலை. இரண்டு பேரையும் ஒரே நாளில் தெருவில் நிற்க வைக்கக் கூடியவர் கவுன்சிலர் மட்டும்தான். பழுப்புத் தண்ணீர் வருகிறது, கழிவுநீர் அடைக்கிறது என்றால் முதலில் அதைச் சரிசெய்து, பள்ளத்தை மூடி, மண் இறுகிய பிறகுதான் ரோடு. மாற்றிச் செய்தால் ரோடு போட்ட ஆறாவது மாதம் வெட்டுவார்கள். அந்த ஒட்டு எந்தக் காலத்திலும் ஒழுங்காக உட்காராது.

காசிமேட்டிலிருந்து: மீன்பிடித் தடைக்கால நிவாரணத்துக்குக் கவுன்சிலர் கையெழுத்து வேண்டுமா அண்ணா?

ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடை. நிவாரணம் மீன்வளத் துறை வழியாக வருவது. அங்கேயே கேளுங்கள் தம்பி.

கொருக்குப்பேட்டையிலிருந்து: காலையில் முதல் அரை மணி நேரம் தண்ணீரில் சாக்கடை நாற்றம். கொஞ்ச நேரத்தில் சரியாகிவிடுகிறது. காய்ச்சிக் குடித்தால் போதுமா?

போதாதம்மா. காய்ச்சினால் கிருமி சாகும், கலந்த அழுக்கு அப்படியேதான் இருக்கும். முதலில் குடிநீர் வாரியத்தின் 1916-க்குப் போன் செய்து புகார் எண் வாங்குங்கள். அந்த எண்ணை எழுதி வையுங்கள், பகுதி சபையில் அதைத்தான் படிக்க வேண்டும்.

இப்போது ஒரு கேள்வி நான் கேட்கிறேன். உங்கள் தெருவில் எத்தனை வீட்டில் குழாயில் நேராக மோட்டார் போட்டிருக்கிறார்கள்?

தண்ணீர் விடும்போது குழாய்க்குள் அழுத்தம் இருக்கும். எங்காவது ஓட்டை இருந்தாலும் உள்ளிருக்கும் தண்ணீர் வெளியே கசியுமே தவிர வெளியே இருப்பது உள்ளே வராது. பத்து வீட்டில் ஒரே நேரத்தில் மோட்டாரைப் போட்டு உறிஞ்சினால் அந்த அழுத்தம் போய், குழாயே உறிஞ்ச ஆரம்பிக்கிறது. நம் தெருக்கள் குறுகல். குடிதண்ணீர்க் குழாயும் கழிவுநீர்க் குழாயும் சில அடி இடைவெளியில்தான் போகின்றன. பழைய கழிவுநீர்க் குழாய் மண்ணில் சுட்டது, இணைப்புகளில் கசியும். அந்த ஊறிய மண்ணிலிருந்துதான் உங்கள் குடத்துக்கு வருகிறது.

நான் வேலையில் இருந்தபோது ஒரு தெருவில் வரிசையாக ஒன்பது வீட்டில் வயிற்றுப்போக்கு. மெயின் குழாயை நான்கு இடத்தில் தோண்டிப் பார்த்தோம், நன்றாக இருந்தது. கடைசியில் ஒரு வீட்டு இணைப்பு, அரை அங்குல ஜிஐ (துத்தநாகம் பூசிய இரும்பு) பைப், வாசல் சாக்கடைக்குள்ளேயே மூழ்கிப் போவதைக் கண்டுபிடித்தோம். வெளியே எடுத்துத் துடைத்தால் துருவுக்கு நடுவில் மிளகு அளவுக்கு ஒரு துளை. துளையின் வாயில் ஒரு கொத்துத் தலைமயிர் உள்பக்கமாக இழுபட்டுச் சிக்கியிருந்தது. வெளியே கசிந்திருந்தால் அது வெளிப்பக்கம்தானே நிற்க வேண்டும்? அந்தப் பைப்பை இன்னும் மறக்க முடியவில்லை.

கொருக்குப்பேட்டை அம்மாவின் அதே தெருவிலிருந்து, வீட்டுக்காரர் ஒருவர்: சொல்வது சுலபம் சார். எல்லாரும் மோட்டார் போடுகிறார்கள். நான் ஒருவன் மட்டும் எடுத்துவிட்டால் என் வீட்டு அடிபம்பில் காற்றுதான் வரும்.

நீங்கள் சொல்வது நியாயம். ஒருவர் மட்டும் எடுத்தால் அவருக்கு நஷ்டம், அதை மறுக்கவில்லை. அதனால்தான் தெருவாகச் சேர்ந்து எடுக்க வேண்டும் என்கிறேன். அடிபம்புக்குக் கீழே தரையில் ஒரு குழி எடுத்து, 200 லிட்டர் டிரம் ஒன்றை இறக்கி வையுங்கள். குழாய் வாய் அதற்குள் விழட்டும். உயரம் குறையக் குறையத் தண்ணீர் தானாக வரும். மோட்டாரை அந்த டிரம்மில் போடுங்கள், மாடிக்கு ஏற்றிக்கொள்ளுங்கள், யாரும் கேட்க மாட்டார்கள். டிரம்முக்கு இறுக்கமான மூடி வேண்டும், இல்லாவிட்டால் கொசு.

அவர் வீட்டில் குடியிருப்பவர் ஒருவர்: நாங்கள் வாடகைக்கு இருக்கிறோம். ஒரு வீட்டில் ஏழு குடித்தனம். குழி தோண்ட இடமும் இல்லை, உரிமையும் இல்லை. மோட்டாருக்கு மட்டும் கரண்ட் பில்லில் பங்கு வாங்குகிறார்கள்.

வீட்டுக்காரரே மேலே பேசியிருக்கிறார், இதையும் படிப்பார் என்று நம்புகிறேன். ஏழு குடித்தனத்துக்கு ஒரு குழி போதும், மாடிப்படிக்குக் கீழே இடம் இருக்கும்.

வீட்டுக்காரர்: மாடிப்படிக்குக் கீழே பைக் நிற்கிறது. அதோடு, அழுத்தமாகத் தண்ணீர் விடாதது எங்கள் தப்பா?

இல்லை. அழுத்தம் குறைவு என்றால் அதைத் தட்டிக் கேட்க வேண்டியது உங்கள் உரிமை. ஆனால் மோட்டார் ஓடிக்கொண்டிருக்கும்போது அழுத்தம் அளந்தால் என்ன வரும்? எங்கே அடைப்பு, எங்கே வால்வு சரியாகத் திறக்கவில்லை என்று கண்டுபிடிக்கவே முடியாது. ஒரே ஒரு நாள், தெரு முழுக்க மோட்டாரை நிறுத்துங்கள். அன்றைக்கும் கடைசி வீட்டுக்கு வரவில்லை என்றால் நானே உங்களோடு பகுதி சபையில் எழுந்து நிற்கிறேன். பைக்கை வெளியே நிறுத்தலாம் சார், அந்த வீட்டில் குழந்தைகள் குடிக்கிற தண்ணீர் இது.

வியாசர்பாடியிலிருந்து: கழிவுநீர் அடிக்கடி நிற்கிறது. பிளம்பர் ஒருவர் மழைநீர் வடிகாலில் இணைத்துவிட்டால் தொல்லை விட்டது என்கிறார்.

வேண்டவே வேண்டாம். அந்த வடிகால் கேப்டன் காட்டன் கால்வாய்க்கும் பக்கிங்காம் கால்வாய்க்கும் போகிறது. ஐப்பசி மழையில் அதே கழிவு திரும்பி உங்கள் வாசலுக்குத்தான் வரும். அடைப்புக்கு 1916.

அடைப்பு எடுக்க யாரையாவது கூப்பிட்டு மேன்ஹோலுக்குள் இறக்கிவிடாதீர்கள். ஐந்நூறு ரூபாய்க்கு இறங்க ஆள் கிடைப்பார், மூடியைத் திறந்ததும் முகத்தில் அடிக்கும் விஷவாயு அவரை ஒரு மூச்சில் சாய்த்துவிடும். மனிதர்களைக் கழிவு அள்ள வைப்பதைத் தடுக்கும் 2013 சட்டப்படி அது குற்றம். இறந்தவர் குடும்பத்துக்கு 30 லட்சம் கொடுக்க வேண்டும் என்று 2023-இல் உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. பணத்துக்காகச் சொல்லவில்லை, அது ஒரு உயிர். அடைப்பு எடுக்கும் வண்டி வர ஒரு நாள் ஆனாலும் காத்திருங்கள்.

கொடுங்கையூரிலிருந்து: குப்பைமேட்டைப் பற்றி ஒரு வார்த்தைகூட நோட்டீஸில் இல்லையே?

சுமார் 250 ஏக்கர் குப்பை பற்றி ஒரு வரியாவது இருந்திருக்க வேண்டும், உங்கள் கோபம் சரியே. பழைய குப்பையைப் பிரித்தெடுக்கும் வேலை எவ்வளவு முடிந்தது, எரிஉலை வருகிறதா என்று எழுத்தில் கேளுங்கள். இது என் துறை இல்லை, அதனால் மேலே பேசவில்லை.

தெருவிளக்கு எரியவில்லை. / தெருநாய்த் தொல்லை. / குப்பை வண்டி வருவதில்லை.

மூன்றுக்கும் மாநகராட்சியின் 1913. இதே கேள்வியை இன்றைக்கு 11 பேர் கேட்டுவிட்டீர்கள். தயவுசெய்து மேலே இருப்பதைப் படித்துவிட்டு அனுப்புங்கள்.

திருவொற்றியூரிலிருந்து: பட்டா மாற்றம்...

தாசில்தார் அலுவலகம்.

எண்ணூரிலிருந்து: மோட்டாருக்கு முன்னால் ஃபில்டர் வைத்தால் பரவாயில்லையா?

குழாயில் நேராக மோட்டார் போடக் கூடாது, ஃபில்டர் வைத்தாலும் கூடாது. பிடித்தால் பறிமுதல் செய்வார்கள்.

கொருக்குப்பேட்டையிலிருந்து, முதலில் கேட்ட அம்மா: எங்கள் தெருவில் ஆறு வீடு ஒரு நாள் நிறுத்திப் பார்க்கச் சம்மதித்துவிட்டோம். மேலே பேசிய வீட்டுக்காரரும் சரி என்றார். நீங்கள் வர முடியுமா?

வருகிறேன் அம்மா. ஞாயிறு, தண்ணீர் விடுவதற்குப் பத்து நிமிடம் முன்னால். கிருமி சாகத் தண்ணீரில் கலக்கும் குளோரின் இருக்கிறதா என்று பார்க்கும் பெட்டி என்னிடம் இருக்கிறது. சின்னக் கண்ணாடிக் குழாயில் உங்கள் தண்ணீரைப் பிடித்து நான்கைந்து சொட்டு மருந்து விட்டால் மஞ்சள் நிறம் வர வேண்டும். நிறமே வராவிட்டால் வழியில் எங்கோ அழுக்கு அந்தக் குளோரினைத் தின்றிருக்கிறது என்று சந்தேகப்பட வேண்டும். முதல் வீடு, நடு வீடு, கடைசி வீடு மூன்றிலும் பார்ப்போம். அதுவரைக்கும் யாரும் மோட்டார் சுவிட்சைத் தொட வேண்டாம். வீட்டுக்கு ஒரு சுத்தமான கண்ணாடி டம்ளர், நேரம் எழுத ஒரு நோட்டுப் புத்தகம், இவ்வளவு போதும்.